ஒரே கூரை, தனித்தனி அடுப்பு: 1920களின் செட்டிநாட்டு அடுப்படி

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் மணமான ஆண்மகன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. கல்யாணத்துக்குப் பின் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான், அரிசியும் அடுப்பும் தனி. இப்படிச் செட்டிநாட்டு ஊர்களில் ஒரு வீட்டுக்குள்ளேயே பல அடுப்புகள் எரிந்தன. ஏன்?

நகரத்தாரைப் பற்றி மானிடவியலாளர் டேவிட் ரட்னர் எழுதிய 1994ஆம் ஆண்டு நூலைப் பின்பற்றினால் விடை எளிது. நகரத்தாரின் சாதி அமைப்பே ஒரு வங்கி அமைப்பு என்பது அவர் வாதம். கோயில், திருமணம், உறவு எல்லாம் முதலைத் திரட்டவும் நம்பிக்கையைக் காக்கவும் பயன்பட்டன என்கிறார். கோயில் வரி புள்ளிக் கணக்கில் விழுந்தது. சீதனப் பணம் வட்டிக்கடையில் வைப்பாக நின்றது. இந்த வரிசையில் வைத்தால் தனி அடுப்பும் பேரேட்டில் ஒரு பக்கமாகிவிடுகிறது.

இந்த வாதத்தின் வலிமையை மறுக்க முடியாது. பர்மாவில் மட்டும் செட்டியார்களின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929–30ஆம் ஆண்டின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவ்வளவு பணத்தை நடத்தியவர்கள் வீட்டுச் செலவையும் பிரித்து எழுதியதில் வியப்பில்லை.

ஆனால் கணக்கு பிரிந்தது எப்படி என்பதைத்தான் ரட்னரின் வாதம் சொல்கிறது. அடுப்பு எரிந்தது எப்படி என்பதைச் சொல்வதில்லை. கொண்டுவிற்கப் போன ஆண்கள் மூன்று ஆண்டுத் தவணையில் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்தார்கள். புள்ளி அவர்கள் பெயரில் இருந்தாலும் அடுப்படியில் நின்றவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிமார். எத்தனை படி உலை வைப்பது, எந்த வெயிலில் வற்றல் காயப்போடுவது, ஊறுகாய் ஜாடியை எப்போது திறப்பது என்றெல்லாம் முடிவுசெய்தவர்கள் அவர்களே. வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் சாமான். பின்கட்டில் விறகடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், திருவை.

இதற்கு அழுத்தமான சான்று பாத்திரங்களில் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைத் தவலையையோ வெண்கலப் பானையையோ திருப்பிப் பார்த்தால், கழுத்தை ஒட்டி உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய தலைப்பெழுத்துகள் தெரியும். சீர்வரிசையாக வந்த பாத்திரத்தில் கொத்தியிருப்பது பெண்ணைப் பெற்ற வீட்டின் எழுத்து. புகுந்த வீட்டு அடுப்பில் ஏறிய பிறகும் அது மாறவில்லை. அடுப்பு வெறும் செலவுப் பிரிவு என்றால், அதன் மேலிருந்த சொத்து பிறந்த வீட்டுப் பெயரைச் சுமந்தது ஏன்? தனி அடுப்பு, பெண்ணின் உடைமைக்கு வீட்டுக்குள் இருந்த வரம்பு என்றே இக்கட்டுரை கொள்கிறது. கொத்திய எழுத்து மட்டும் முழு நிரூபணம் ஆகாது. ஆயினும் ரட்னரின் வாதத்தில் இதற்கு இடமில்லை என்பது பொருட்படுத்த வேண்டிய குறை.

இதே காலத்தின் மேலைச் சமையலறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அமெரிக்காவில் வீட்டு மேலாண்மை எழுத்தாளர் கிறிஸ்டின் ஃபிரெட்ரிக் 1910களிலேயே இல்லத்தரசியின் நடையைக் குறைக்கும் வழிகளை எழுதியிருந்தார். பிராங்பர்ட்டில் 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஒரு சமையலறையை வரைந்தார். இரண்டிலும் பெண் தனியாள். செட்டிநாட்டிலோ அடுப்பு தனியானாலும் பக்கத்து அடுப்பில் ஓரகத்தி இருந்தாள். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல்தான் தொடங்கியது; ஆகவே இங்கே மாற்றம் மின்விசையால் வரவில்லை, கப்பலேறி வந்த சாமானால் வந்தது. ஸ்வீடன், ஜப்பான் எனாமல் கிண்ணங்களும் அடுக்குகளும் சீர்வரிசையில் சேர்ந்தன.

அவை எப்போது சேர்ந்தன என்பதில்தான் சிக்கல். அடியிலுள்ள முத்திரை செய்த நாட்டைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. 1920களின் செழிப்பில் வந்ததா, 1930களின் சரிவிலும் தொடர்ந்ததா என்பதை முத்திரையால் மட்டும் பிரிக்க இயலாது. திருமணத்தின்போது எழுதப்படும் இசைபிடிமானம் என்ற ஒப்பந்தத்தில் தேதி உண்டு. அதே வீட்டின் சீர்ப் பட்டியலும் கிடைத்து, இரண்டையும் பாத்திர எழுத்தோடு ஒப்பிட்டால் காலவரிசை தெளியக்கூடும். அதுவரை 1920கள் என்பதை ஏறத்தாழ என்றே கொள்ள வேண்டும்.