வித்வம்சக்

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உருவாக்கிய நெடுந்தூரத் துப்பாக்கி. ஆளைவிட வாகனம், பதுங்குகுழி, ரேடார் போன்ற தளவாடங்களைத் தகர்ப்பதே இதன் வேலை. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்துடனான உறவை ஊழல் புகாரால் இந்தியா 2005-இல் முறித்துக்கொண்டபின், அந்நிறுவனத்தின் என்.டி.டபிள்யூ-20 துப்பாக்கியை ஒட்டிய வடிவில் இது வந்தது. 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுத் தோட்டாக்களைச் சுடலாம். அதற்குக் குழல், போல்ட், மேகசின், ஸ்கோப் நான்கையும் மாற்ற வேண்டும். இதில் ஸ்கோப்பையும் மாற்றச் சொல்வதுதான் நுட்பம். தோட்டாவின் எடையும் வேகமும் மாறினால், பறக்கும்போது அது தாழும் அளவும் மாறிவிடும். ஒன்றுக்குச் சரிபார்த்த குறி மற்றொன்றுக்கு உதவாது. முதல் இரண்டு அளவுகளுக்குச் செயல்தொலைவு சுமார் 1,800 மீட்டர். எடை ஏறத்தாழ 25 கிலோ. ஓராள் தூக்கிக்கொண்டு ஓடும் ஆயுதம் அல்ல.