பாட்டும் செவியும்: இளம் பறவைகளின் இசைக்கல்வி ஆராயப்பட்ட வரலாறு

பூரணை இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை வாவி நீரில் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியிற் பொருத்திப் பாடும் மீனின் ஒலியைக் கேட்டல் மட்டக்களப்பாருக்குப் பழகிய செயல். 1848 ஆம் ஆண்டு ஈண்டு வந்த சேர் எமேர்சன் ரெனன்ற் அவ்வொலியைத் தாமும் கேட்டார். அஃது ஊரியின் குரலென மீனவர் கூறியதை 1859 இல் வெளியான தம் இலங்கை நூலிற் பதிந்தார். விஞ்ஞானப் பட்டமும் இசைப்புலமையும் ஒருங்கே வாய்ந்த விபுலாநந்த அடிகளின் உள்ளத்தையும் இவ்வாவியின் இசை கவர்ந்தது. பாடுவது யாது என்றே எல்லாரும் வினவினர். கேட்கும் செவியைப் பற்றி வினவியோர் சிலரே.

செவியைப் பற்றிய வினாவுக்கு ஒரு விடை, கடல்கடந்த வேறொரு பாடும் மீனிடமிருந்து 2004 இற் கிடைத்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து மீன் ஒன்றின் ஆண், இனப்பெருக்க காலத்திற் கற்களின் கீழிருந்து இடைவிடாது முரலும். அக்காலத்திற் பெண்மீனின் செவி அம்முரற்சிக்கேற்பக் கூர்மையடைகிறது. பருவமல்லாத காலத்தும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் செலுத்தினால் அக்கூர்மை தோன்றுமென ஆராய்ச்சியாளர் காட்டினர். பால்வேறுபாட்டுக்கு உரியதென யாம் கருதிய ஒரு பொருள் கேட்டலுக்கும் உரியதாயிற்று. பாடும் பறவைகளின் வரலாறும் இவ்வுண்மையையே நோக்கிச் செல்கின்றது.

பறவைகளெல்லாம் பாட்டைக் கற்பன அல்ல. காகத்தின் கூட்டிற் பொரித்த குயில் வளர்ந்தபின் காகமாய்க் கரைவதில்லை, கூவுகின்றது. அதன் குரல் பிறவிச் செல்வம். நம் வேலிகளில் வைகறையிற் பாடும் குண்டுகரிச்சானும், வயல்களில் நெல்மணி கொத்தும் சில்லையும் வேறொரு குலத்தன. அக்குலத்துக் குஞ்சு, மூத்த பறவையின் பாட்டைக் கேட்டே தன் பாட்டை அமைத்துக்கொள்ளும். இதனை முதன்முதற் சோதனையால் விளக்கியவருள் ஒருவர் டெயின்ஸ் பாரிங்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் ஓரினக் குருவியின் குஞ்சுகளை வானம்பாடியிடம் வளர்த்தார். அவை வானம்பாடியின் பாட்டையே பாடின. இச்செய்தி 1773 இல் வெளியாயிற்று. (இவர் தொழிலால் நீதிபதி. சாட்சியைத் தனித்து விசாரிக்கும் பழக்கம் குஞ்சுகளிடத்தும் பயன்பட்டது போலும்!) ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் கேம்பிரிட்ஜில் தோர்ப் என்பவர், தனித்து வளர்ந்த குருவியின் பாட்டு எத்துணைக் குறைபாடுடையதென ஒலிவரைவுகளாற் காட்டினார். பாட்டைக் கேட்டு மனத்திற்கொண்ட குஞ்சாயினும், பாடத் தொடங்குமுன் செவிப்புலன் இழப்பின் அதன் பாட்டுச் சிதையுமென 1965 இற் கொனிசி நிறுவினார். எனவே பிறர் பாட்டைக் கேட்டல் மட்டும் போதாது. தன் குரலைத் தான் கேட்டலும் வேண்டும்.

அடுத்து ஆய்வு மூளைக்குட் புகுந்தது. 1976 இல் நொற்றபோமும் ஆர்னல்டும், பாடும் ஆண்பறவையின் மூளையிற் பாட்டுக்குரிய நரம்புத்திரள்கள் பெண்ணுடையவற்றினும் மிகப் பெரியனவெனக் கண்டனர். சில்லையின் உறவாகிய அவுஸ்திரேலியச் சீப்ரா பிஞ்சு இவ்வாராய்ச்சியின் நாயகனாயிற்று. ஆணே பாடும், பெண் பாடாது, ஏறத்தாழத் தொண்ணூறு நாளிற் கல்வி முடியும். 1980 இற் கேர்ணியும் கொனிசியும் பெண்குஞ்சுகளுக்கு ஈஸ்திரஜனைச் செலுத்தினர். மூளை ஆணின் அமைப்பை நோக்கி வளர்ந்தது. பின்னர் ஆணோமோனும் பெற்றவை பாடவும் செய்தன.

இங்கே ஒரு முரண் எழுந்தது. சூலகம் உடைய பெண் பாடவில்லை. விதைகள் நீக்கப்பெற்ற ஆண்குஞ்சோ வளர்ந்து பாடிற்று. அங்ஙனமாயின் ஈஸ்திரஜன் எங்கிருந்து வருகின்றது? 1991 இல் சிலிங்கரும் ஆர்னல்டும் அளித்த விடை வியப்புக்குரியது: ஆண்பறவையில் அதனை ஆக்கும் தலையாய உறுப்பு மூளையே. அங்குள்ள அரோமற்றேசு என்னும் நொதியம் ஆணோமோனை ஈஸ்திரஜனாக மாற்றுகின்றது. 2001 இல் கண்ணாடிக் கலத்திற் பேணிய குஞ்சின் மூளைத்துண்டுகளும், உடலின் உதவியின்றியே அப்பொருளை ஆக்கிப் பாட்டுக்குரிய நரம்புவழியை வளர்த்தன. வலப்பாதி ஆணும் இடப்பாதி பெண்ணுமாய்ப் பிறந்த ஒரு பிஞ்சின் செய்தி 2003 இல் வெளிவந்தது. ஒரே குருதி இருபுறமும் ஓடியும், வலப்புறத்துப் பாட்டுத்திரளே பெருத்திருந்தது. அர்த்தநாரீசுவர வடிவை நாளும் வணங்கும் நமக்கு இச்செய்தி இனிமை பயக்கும்.

ஓமோன் மூளையைக் கட்டுவது மட்டுமா, கல்வியிலும் பங்குகொள்வதா? 2008 இல் வளர்ந்த ஆண்பறவையை ஆராய்ந்தபோது, பாட்டைக் கேட்ட அரைமணி நேரத்துள் செவிக்குரிய மூளைப்பகுதியில் ஈஸ்திரஜன் உயர்ந்தது. குஞ்சுகளில் நிலை வேறு. ஆசானின் பாட்டு ஒலிக்கும் பொழுது அன்றி, அஃது ஓய்ந்த பின்னரே அப்பொருள் பெருகிற்றென 2015 இற் கண்டனர். கல்லடியில் இசை பயிலும் மாணவன் பாடம் முடிந்து வீடு செல்லும் வழியில் வாய்க்குள் முணுமுணுக்கும் அந்த நேரம் நம் நினைவுக்கு வருகின்றது. கேட்டது நெஞ்சிற் படியும் வேளை அதுவே என ஆய்வாளரும் கருதினர்.

கருத்து அழகியதாயினும் சோதிக்கப்படல் வேண்டுமன்றோ? பாடம் நிகழும் வேளை குஞ்சின் மூளையில் ஈஸ்திரஜன் உண்டாகாதவாறு மருந்தினால் தடுத்துப் பார்த்தனர். 2020 இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. தடுக்கப்பெற்ற குஞ்சுகளும் ஆசானின் பாட்டை ஏனையவற்றைப் போலவே கற்றுப் பாடின. ஆயினும் அவற்றின் நரம்பணுக்கள் கற்ற பாட்டைக் கேட்டபோது விடையளித்த முறை மாறியிருந்தது. குரலிற் குறையில்லை, கேட்கும் மூளையிலே வேறுபாடு.