அட்டப்பாடியின் அரிவாள் அணுக்கள்

ஆனைகட்டியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. அகளி, புதூர், ஷோளயூர் என மூன்று பஞ்சாயத்துகள். பவானியும் சிறுவாணியும் ஓடும் மலைச்சரிவுகளில் இருளர், முதுகர், குறும்பர் ஊர்கள். 2013-இல் இங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது பலரும் பட்டினியைச் சொன்னார்கள், சிலர் சாராயத்தைச் சொன்னார்கள். ஆதிவாசி உடம்பே பலவீனமானது என்ற பழைய பேச்சும் கூடவே கிளம்பியது. வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிற பேச்சு அது. இந்த ஊர்களில் வழிவழியாக வரும் அரிவாள் அணு மரபு, மலேரியாக் காட்டில் பிழைத்து நின்றவர்களின் சொத்து. காலம் மாறியபின் அதுவே கடனாயிற்று.

அரிவாள் வடிவச் சிவப்பணுக்களை 1910-இல் சிகாகோ மருத்துவர் ஹெரிக் விவரித்தார். அது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1952-இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தொழிலாளர்களிடமும் தென்பட்டது. 1954-இல் ஆய்வாளர் ஆலிசன் காரணம் காட்டினார்: அரிவாள் அணுவை உண்டாக்கும் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றால்தான் நோய். சொந்தத்துக்குள் மணம் முடிப்பதுதான் காரணம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அகமணம் இரண்டு பிரதிகள் சேரும் வாய்ப்பைக் கூட்டும், உண்மை. ஆனால் அகமணம் நாடெங்கும் உண்டு. இந்த மரபணு செழித்தது மலேரியா இருந்த காடுகளில். 1950-களில் டி.டி.டி. வந்து மலேரியா பின்வாங்கியது, மரபணு தங்கிவிட்டது. அட்டப்பாடியில் 1951-இல் பத்துக்கு ஒன்பது பேராக இருந்த ஆதிவாசிகள் குடியேற்றத்தால் சிறுபான்மையானார்கள். நிலம் கைமாறியது, அதோடு ராகியும் சாமையும் போயின.

நோயுள்ள குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் ரத்தசோகை அல்ல, பாக்டீரியா. வளைந்த அணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைக்கின்றன. ரத்தத்தில் புகுந்த நிமோகாக்கஸை வடிகட்ட ஆளில்லாமல் போக, காலையில் காய்ச்சல் கண்ட பிள்ளை இரவுக்குள் இறந்துவிடலாம். தொற்றை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளையணுக்களும் ஒரு வகையில் பகைதான். அவை குழாய்ச் சுவரில் ஒட்டி, சிவப்பணுக்களையும் பிடித்து நிறுத்துகின்றன. கழுத்துத் தமனி மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் உட்சுவர் தடித்து வழி குறுகினால், பள்ளிப் பருவத்திலேயே பக்கவாதம். தொற்றைத் தடுக்க வழி உண்டு. தினம் இருவேளை பென்சிலின் மாத்திரை கடும் தொற்றை 84 சதவீதம் குறைப்பதாக 1986-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இந்திய வகை லேசானது, கருப்பருவ ஹீமோகுளோபின் அதிகம் தங்குவதால் அது தானே காக்கும் என்பார்கள். சராசரிக்கு அது பொருந்தும். ஆனால் சராசரி எந்தக் குழந்தைக்கும் உத்தரவாதம் தராது. விதர்பாவில் கடுமையான நோயாளிகளையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2013 சாவுகளுக்குப் பட்டினியே விளக்கம் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. தாய்மாரின் சத்துக்குறைவு அங்கே கண்கூடு. பட்டினி கிடக்கும் உடம்பில் தொற்று வேகமாக வெல்லும், அரிவாள் அணு இருந்தால் இன்னும் வேகமாக. ஆகவே ரேஷன் அரிசியை மட்டும் கணக்குப் பார்ப்பது அரைக்கணக்கு.

2023-இல் தொடங்கிய தேசிய அரிவாள் அணு நோய் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. ஊர்களில் செய்ய எளிதானது கரைசல் சோதனை: ஒரு துளி ரத்தம் விட்ட குழாய் கலங்கி, பின்னால் உள்ள கோடுகள் மறைந்தால் மரபணு உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையிடம் இதை நம்ப முடியாது. கருப்பருவ ஹீமோகுளோபின் முடிவை மறைத்துவிடும். பென்சிலினோ இரண்டு, மூன்று மாதத்திலேயே தொடங்க வேண்டிய மருந்து. அதற்குப் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் ஆய்வகத்துக்குப் போய், முடிவு சில வாரங்களுக்குள் அதே ஊருக்குத் திரும்பியாக வேண்டும்.