தாழி போன தூரம்

கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் முதுமக்கள் தாழி என்று சொன்னால் ஒரு கதை வரும். அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏறச் சிறுத்துப்போவார்களாம். பூனை இழுத்துவிடாமல் விளக்கு மாடத்தில் உட்கார வைத்திருந்து, கடைசியில் சோறும் தண்ணீரும் வைத்துத் தாழி என்னும் பெரிய மண்பானைக்குள் இறக்கிவிடுவார்களாம். நெல்லைச் சீமையில் இருந்த பிஷப் கால்டுவெல் 1870களிலேயே இந்தக் கதையைக் கேட்டு எழுதி வைத்தார்.

உண்மையில் தாழிக்குள் போனவர்கள் இறந்தவர்கள்தாம். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையும்படி குயவரிடம் கேட்கிறாள்.

இறந்தவரின் பேர் கல்லில் நின்ற இடமும் உண்டு. எகிப்தில் வேனி என்றொரு அரசு அதிகாரி இருந்தார். சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்தவர். சின்ன உத்தியோகத்தில் தொடங்கித் தென் எகிப்தின் ஆளுநரான வரலாற்றை அபிடோஸ் கல்லறையில் கல்லிலேயே செதுக்கி வைத்தார்கள். தாமிரபரணிக் கரையில் தாழிகள் புதைந்த நம் ஆதிச்சநல்லூரிலும் பெரிய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். நெற்றியில் கட்டிக்கொள்ள முனைகளில் துளையிட்ட, தாள் போல மெல்லிய பொன்பட்டங்களே சாட்சி. அணிந்தவரின் பேர்தான் இல்லை.

பேரில்லாதவர்களின் உடைமை கடல் கடந்து போனது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே வந்து தோண்டி, பானைகளையும் இரும்பு ஆயுதங்களையும் மண்டை ஓடுகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ முறையாகத் தோண்டி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. நாயும் எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள் அவற்றில் உண்டு. செய்த கைகளைக் கும்பிடத் தோன்றும். பிரெஞ்சுக்காரர் லாப்பிக்கும் வந்து தோண்டினார்.

அடுத்தது எதிர்பாராத சந்திப்பு. ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகளைப் பற்றி 1930இல் சென்னை அருங்காட்சியகம் உடற்கூறு ஆய்வாளர் ஸக்கர்மனின் ஆய்வை வெளியிட்டது. அதில் குறிப்பு எழுதியவர் எலியட் ஸ்மித். கெய்ரோவில் உடற்கூறு பேராசிரியராக இருந்து எகிப்திய மன்னர்களின் மம்மிகளை ஆராய்ந்த அதே மனிதர்! பாரோக்களைப் பார்த்த கண்கள் தாமிரபரணிக் கரைக்காரரையும் பார்த்தன.

ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடந்த நெல் அமெரிக்காவின் மியாமி ஆய்வகம் வரை போய், கி.மு. 1155 என்று காலக்கணிப்பு பெற்றுவந்தது. வழித்துணைக்கு வைத்த நெல் போன தூரம் அது.

2023 முதல் ஆதிச்சநல்லூரில் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம். பெர்லினுக்குப் போனவையும் ஊர் திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.

உங்கள் நிலத்தில் ஜேசிபி வாளியோடு தடித்த சிவப்பு ஓடு மேலே வந்தால் அது தாழியாக இருக்கலாம், வண்டியை நிறுத்துங்கள். உடைக்காமல், உள்ளே கை விடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.