சொல்லும் சிகிச்சையும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீதியில் ஒலிக்கும் ஓசூரில், சிப்காட் ஆலைகளை நாடி வடநாட்டாரும் வந்து குடியேறிய இந்நாளில், நோயாளி ஒருவர் ‘மயக்கம்’ என்றால் அது தலைசுற்றலா, நினைவிழப்பா என்று வைத்தியர் மீண்டும் வினவ நேர்கிறது.

சொல்லின் பொருளை வரையறுக்காமல் சிகிச்சை செம்மையுறாது என்னும் உண்மையைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே உணர்ந்து உழைத்தவர், 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்த அவர், மாணாக்கர் துணையோடு உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் முதலிய துறைகளில் நூல்களை மொழிபெயர்த்து, கலைச்சொல் தொகுதிகளையும் வெளியிட்டார். ஒரு சொல்லை முதலில் தமிழிலும், அங்குக் கிட்டாதபோது சமஸ்கிருதத்திலும் தேடி, இரண்டிலும் அகப்படாததையே ஆங்கில ஒலியோடு ஏற்பது அவர் வகுத்த நியமம். 1875-இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று அவர் இட்ட பெயரே அதற்குச் சாட்சி.

1884-இல் கிறீன் மறைந்தார். கற்போர்க்கென அவர் செய்த அப்பணியை, நோயாளியின் நாவில் வழங்கும் சொற்களுக்கும், ஓசூர் எல்லைப்புறத்து மும்மொழிகளுக்கும் விரித்துச் செய்ய வேண்டியது நம் காலத்தவர் கடமை.