இரண்டு நலிந்தவை சேர்ந்தால் ஒரு வலியது ஆகுமா?

2018 நவம்பர் 30 ஆம் திகதி இலங்கையின் கையடக்கத் தொலைபேசி வரலாற்றில் ஓர் அத்தியாயம் முடிந்தது. அன்றுதான் ஹட்ச் நிறுவனம் எடிசலாட் லங்காவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஐந்தாக இருந்த நிறுவனங்கள் நான்காயின. டயலொக், மொபிடெல் ஆகிய பெரியவர்களுக்கு இனிச் சரியான போட்டி வரும் என்று பலரும் எதிர்பார்த்தனர்.

வரலாறு அத்தனை எளிதானதன்று. எடிசலாட்டின் வேர் 1989 இல் தொடங்கிய செல்டெல் ஆகும். தெற்காசியாவிலேயே முதன்முதலில் கையடக்கத் தொலைபேசிச் சேவை வழங்கிய நிறுவனம் அது. 2007 இல் டிகோ எனவும், 2010 இல் எடிசலாட் எனவும் பெயர் மாறியது. பெயர் மாறியதேயன்றி இடம் உயரவில்லை. ஹட்சின் முன்னோடியான கோல் லிங்க், அடுத்து மொபிடெல் ஆகியவற்றுக்கும் பிறகு, 1995 இல் நான்காவதாக வந்த டயலொக்தான் முதலிடத்தைப் பிடித்தது. முந்தி வந்தோர் பழைய தொழில்நுட்பத்தில் நிற்க, அது ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையோடு களமிறங்கியது. 2009 இல் எயார்டெல் வந்ததும் கட்டணப் போர் மூண்டது. 2010 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தலையிட்டு அடிமட்டக் கட்டணம் விதிக்க நேர்ந்தது. அந்தப் போரின் காயம் சிறியவர்களுக்கே ஆழமாகப் பட்டது.

இணைப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிய வட்டவளை போன்ற மலையகத் தோட்டமொன்றை நினைத்துப் பார்க்கலாம். ஒரு மலைமுகட்டில் நிற்கும் கோபுரத்தின் அலை, அடுத்த பள்ளத்தாக்கின் லயன்களை எட்டாது. நகரில் ஆளுக்கொரு கோபுரம் வைத்திருந்த இரு நிறுவனங்கள் சேர்ந்தால் அங்கே ஒரு கோபுரம் மிச்சமாகும், செலவும் குறையும். இருவருமே எட்டாத பள்ளத்தாக்கோ அப்படியே இருக்கும். அலைக்கற்றை கூடும் என்பது மெய்தான்; தாழ்ந்த அலைவரிசை கிடைத்தால் தூரமும் கூடும். ஆயினும் புதிய கோபுரம் எழுப்பப் பணம் வேண்டும். ஆண்டுதோறும் வேண்டும்.

அதே 2018 ஆம் ஆண்டில் இந்தியா இதைவிடப் பெரிய பாடத்தைத் தந்தது. 2016 இல் வந்த ஜியோவின் விலைக்குறைப்பைத் தாங்கமாட்டாமல் வோடபோனும் ஐடியாவும் ஆகஸ்ட் மாதத்தில் ஒன்றாயின. ஏறத்தாழ 40 கோடி வாடிக்கையாளர்களோடு ஒரே நாளில் நாட்டின் முதலிடம்! ஆனால் கடனும் சேர்ந்தே வந்தது. அரசுக்குச் செலுத்தவேண்டிய நிலுவை பற்றி 2019 இல் வெளியான உச்சநீதிமன்றத் தீர்ப்பு மேலும் அழுத்தியது. 2024 இன் இறுதிக்குள் வாடிக்கையாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போய்விட்டனர். இடையில் 2023 இல் நிலுவை வட்டியைப் பங்குகளாக மாற்றி அரசே பெரும் பங்குதாரரானது.

இங்கே இணைப்பின் பின் ஹட்ச் பிழைத்தது. 4ஜி சேவைக்குள்ளும் நுழைந்தது. அது சிறு சாதனையன்று. ஆனால் 2022 இல் ரூபாய் சரிந்தபோது, டொலரில் கருவி வாங்கும் எல்லா நிறுவனங்களும் தள்ளாடின. அடுத்து நிகழ்ந்ததே தீர்ப்பு. தனித்து நிற்க இயலாத எயார்டெல் லங்கா, மற்றொரு சிறியவரோடு சேரவில்லை. 2024 ஜூனில் முதல்வரான டயலொக்கோடு இணைந்தது. பதிலுக்குப் பார்தி எயார்டெல் டயலொக்கில் 10.355 வீதப் பங்கைப் பெற்றது. சிறியவர்கள் இணைந்து பெரியவரை எதிர்க்கும் வழி இருந்தும், பெரியவர் மேலும் பெரியவரானார்.

ஆக, நலிந்தவர்களின் இணைப்பு உயிரைக் காக்கும். அரியணையைப் பெற்றுத் தராது. அரியணைக்கு வேண்டியது, எதிராளி போகாத இடத்துக்கு முதலில் போகும் துணிவும் அதற்கான முதலும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடத்துக்கு அலை தேடி மேடேறிய தோட்டத்துப் பிள்ளைகளை நாடு கண்டது. எஞ்சியிருப்பவை மூன்று நிறுவனங்களே. அவற்றுள் எது அந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறதோ, அதுவே உண்மையான போட்டியாளர். இறங்கும்படி வற்புறுத்துவது ஆணைக்குழுவின் கடமை. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் லயன்களுக்கு அலை வந்து சேர நெடுங்காலமாகும்.