மணலில் எழுதியதும் பெட்டியில் வைத்ததும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் உப்பு நீர் ஏரி, மறுபக்கம் வங்கக்கடல். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய கல்லறைகள் இன்னமும் நிற்கின்றன. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள்கூட அப்படியே இருக்கின்றன! இறந்தவர்களின் பெயரும் தேதியும் கல்லில் இருக்கின்றன. அதே கரையில் அன்றைக்கு விளையாடிய மீனவக் குழந்தைகள் என்ன வரைந்தார்கள்? காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

காரணம் எளிது. மணலில் வரைந்தது எத்தனை நாள் நிற்கும்? பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் கதையும் இதுதான். திண்ணைப் பள்ளிகளில் முதலில் மணலில் விரலால் எழுதுவார்கள், பிறகுதான் ஓலை. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. முறை கப்பலேறிப் போனது. பிள்ளைகள் எழுதியது காற்றோடு போனது.

அப்படியானால் குழந்தைகளின் பழைய படங்கள் எங்குமே இல்லையா? இருக்கின்றன. ரஷ்யாவின் நாவ்கொரோத் நகரில் 1956-ல் மண்ணைத் தோண்டியபோது, 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்ற சிறுவனின் படங்கள் கிடைத்தன. பூர்ச்ச மரப்பட்டையில் எழுத்துப் பாடம், பக்கத்தில் எதிரியை ஈட்டியால் குத்தும் குதிரை வீரன். வீரனுக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறான்! யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. காற்றுப் புகாத ஈர மண் காப்பாற்றியது. அது வெறும் அதிர்ஷ்டம்.

செக் நாட்டின் தெரசின் முகாமில் நடந்தது அதிர்ஷ்டம் அல்ல. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த அந்த இடத்தில், ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் குழந்தையின் பெயரை எழுத வைத்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அவர் விட்டுச்சென்ற 2 பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. பல குழந்தைகள் இந்த உலகில் இருந்ததற்கு அந்தக் காகிதம்தான் இன்று சாட்சி.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். இன்று அங்கே பிள்ளைகள் கையில் நோட்டும் கலர் பென்சிலும் இருக்கின்றன. படகு, வலை, பூநாரை என்று வரைகிறார்கள். ஆனால் சுவரில் ஒட்டினால் உப்புக் காற்றில் காகிதம் நமத்துவிடும். தரையில் வைத்தால் மழைக்காலத் தண்ணீர் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியை அந்தக் கரை மறக்காது. ரேஷன் கார்டுக்கும் நிலப் பத்திரத்துக்கும் பிளாஸ்டிக் உறையும் டிரங்குப் பெட்டியும் உண்டு. படம் பழைய பேப்பரோடு போகிறது.

அந்தப் பெட்டியிலேயே ஓர் உறை கூடுதலாக வைக்கலாம். எல்லாப் படமும் வேண்டாம், வருடத்துக்கு 4 படம் போதும். பின்பக்கம் பெயர், வயது, தேதி எழுதி, பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

டச்சுக்காரர்களுக்குக் கல் இருந்தது. ஒன்ஃபிமுக்கு ஈர மண் இருந்தது. ஏரிக்கரைக் குழந்தைக்கு இருப்பது வீட்டில் உள்ளவர்களின் அக்கறை மட்டும்தான்.